மலை இல்லாத ஊரில் இரண்டு மலைகள்

வன்னிப் பெருநிலத்தில் மலை கிடையாது. வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரை நடந்து சென்றாலும், ஆங்காங்கே சில பாறைத் திட்டுகளையும் குளக்கட்டுகளையும் அன்றி, நிமிர்ந்து பார்க்கத்தக்க மேடு எதையும் காண்பதரிது. உயரமான இடம் எது என்று எமது ஊர்ப் பிள்ளையைக் கேட்டால் இரணைமடுக் குளக்கட்டையே காட்டும். அவ்வாறிருந்தும், தரம் 7 மாணவர் முப்பத்தெட்டுப் பேரிடம் தாளைக் கொடுத்து, விரும்பியதை வரையுமாறு கூறியபோது, முப்பத்தொரு தாள்களில் இரண்டிரண்டு மலைகள் எழுந்து நின்றன. மலைகளுக்கு நடுவே சூரியன். அடிவாரத்திலிருந்து வளைந்து வரும் ஆறு. ஆற்றோரம் ஓலைக் குடிசை, ஒரு தென்னை, வானத்திற் கோழிக்கால் அடையாளம் போன்ற பறவைகள்.

இப்படத்தை வரைந்த பிள்ளைகளுள் ஒருவர்தானும் ஓலைக் குடிசையில் வாழ்பவரல்லர். அவர்களுட் பெரும்பாலோர் போரின் பின்னர் வந்த வீட்டுத் திட்டங்களின் வீடுகளில், ஒன்றைப்போல் மற்றொன்றான சீமெந்துச் சுவர்களுக்குள் வாழ்கின்றனர். எமது ஊரைச் சூழ நிற்பவை பாலையும் முதிரையும் வீரையும்; அவற்றில் ஒன்றேனும் தாளில் முளைக்கவில்லை. வாய்க்கால் இல்லை, வயல் இல்லை, உழவு இயந்திரம் இல்லை. இந்தப் படத்தைத்தான் 'இயற்கைக் காட்சி' என்று பெயரிட்டுப் பல்லாண்டுகளாகப் பாராட்டி வருகிறோம். இதைத்தான் யதார்த்தம் என்றும், வட்டமும் சதுரமும் வரைந்தால் அதை யதார்த்தத்திலிருந்து தப்பியோடுதல் என்றும் கொள்கிறோம். பிள்ளைக்கு மலையைக் கொடுத்தது இயற்கையன்று. மாதிரிச் சித்திரப் புத்தகம்.

கடந்த ஆண்டின் இரண்டாந் தவணையில், சித்திர ஆசிரியரோடு சேர்ந்து ஆறு சனிக்கிழமைகள் நாம் நடத்திய ஓவியப் பட்டறை இவ்வெண்ணத்திலிருந்தே பிறந்தது. நாம் தமிழ் கற்பிப்பவர். தூரிகை பிடிக்கத் தெரியாதவர். ஆயினும் சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள உறவு எமது தொழிலாதலால், கோட்டுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள உறவு எம்மை ஈர்த்தது. பட்டறையின் விதி ஒன்றே: எந்தப் பொருளின் உருவத்தையும் வரைதல் ஆகாது. கோடு, புள்ளி, வட்டம், சதுரம், முக்கோணம், வர்ணம் இவற்றோடு நிற்க வேண்டும். காண்டின்ஸ்கி, பவுல் கிளே ஆகியோரின் அரூப ஓவியங்கள் சிலவற்றை முதல் நாள் பிள்ளைகளுக்குக் காட்டினோம். காண்டின்ஸ்கியும் அவருடைய தோழர்களும் 1912-இல் வெளியிட்ட தொகுப்பில் குழந்தைகளின் படங்களைப் பெரும் ஓவியங்களோடு சரிநிகராக அச்சிட்டனர் என்பதையும், கிளே தாம் சிறுவயதில் வரைந்தவற்றைத் தமது படைப்புப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டார் என்பதையும் கூறினோம். பிள்ளைகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அப்ப பிழையே வராதோ, ரீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். அவனுக்கு அதுவே முக்கியமான செய்தி.

எமது முயற்சியைக் கேள்வியுற்ற நண்பரொருவர், தொழிற்சங்கப் பணியில் நெடுங்காலம் உழைத்தவர், எம்மைக் கடிந்துகொண்டார். பாடசாலைக்குக் காலை உணவின்றி வரும் பிள்ளைக்கு வட்டமும் சதுரமும் எதற்கு? அரூப ஓவியம் பணக்காரரின் வரவேற்பறைச் சுவருக்கு உரியதன்றோ? மக்கள் வாழ்வைக் காட்டாத கலை யாருக்குப் பயன்? இக்கேள்விகளை நாம் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. 1950களிலும் 60களிலும் இந்நாட்டின் முற்போக்கு இலக்கியக்காரர், பேச்சுத் தமிழையும் உழைப்பாளியின் வாழ்வையும் இலக்கியத்துள் கொணரப் போராடியபோது, விளங்காமையைப் பெருமையாக்கிய கலையை ஐயத்துடன் நோக்கியது இயல்பே. வரவேற்பறைச் சுவர் பற்றி நண்பர் கூறியதிலும் பொய் இல்லை.

எனினும் வரலாற்றின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். 1919-இல் வித்தெப்ஸ்க் என்ற சிறு நகரில், புரட்சியின் பின் தொடங்கப்பட்ட மக்கள் ஓவியப் பள்ளியில், மலேவிச்சும் லிசிற்ஸ்கியும் ஏழை வீட்டு இளைஞர்களுக்குச் சதுரத்தையும் வட்டத்தையுமே கற்பித்தனர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் லிசிற்ஸ்கி வரைந்த புகழ்பெற்ற சுவரொட்டியில் ஒரு சிவப்பு முக்கோணம் வெள்ளை வட்டத்தைப் பிளந்து நுழைகின்றது. படிப்பறிவில்லாதவனுக்கும் அது விளங்கிற்று. அவரே 1922-இல் இரண்டு சதுரங்களைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு நூல் வெளியிட்டார். கறுப்புச் சதுரமும் சிவப்புச் சதுரமும் பூமிக்கு வருகின்றன, குழப்பம் சிதறுகின்றது, புதியது எழுகின்றது, கதை அவ்வளவே. வாசித்துவிட்டுப் போகாமல் தாளையும் கட்டைகளையும் எடுத்து நீங்களே செய்யுங்கள் என்று நூலின் தொடக்கத்திலே பிள்ளைகளைத் தூண்டினார். பிற்காலத்தில் அதே நாட்டில் அரூபம் குற்றமாயிற்று. 1962 டிசெம்பரில் மொஸ்கோக் கண்காட்சியில் குருஷ்சேவ் இளம் ஓவியரை வைதார். அந்த வசவையே நாம் மார்க்சியம் என்று கற்றுக்கொண்டோமோ என்று நண்பரிடம் கேட்டோம். அவர் சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை ஒரு கட்டு விசுக்கோத்துடன் பட்டறைக்கு வந்தார்.

வன்னிப் பிள்ளைக்குக் குறியீடு புதியதன்று என்பதை இரண்டாவது சனிக்கிழமை கண்டோம். "பொருளின் உருவமில்லாமலே பொருள் சொல்லும் அடையாளம் எவற்றை அறிவீர்கள்?" என்று வினவினோம். முதலில் வந்தது கோலம். பொங்கலன்று வாசலில் அம்மா இடுவது. அடுத்து வந்தது, நாம் எதிர்பார்த்தபடியே, சிவப்புப் பலகையும் மண்டையோடும். முகமாலைப் பக்கத்து உறவினர் வீட்டுக்குப் போய்வந்த பிள்ளைகள் அதை நன்கறிவர். சிவப்பு என்றால் வெடி உண்டு, வெள்ளை என்றால் கால் வைக்கலாம் என்ற இலக்கணத்தை, உயிரெழுத்துப் படிக்குமுன் படித்த தலைமுறை ஒன்று இங்கு உண்டு. எந்த நவீன ஓவியரும் சிவப்புக்கும் வெள்ளைக்கும் அத்துணைக் கனமான பொருளைக் கொடுத்ததில்லை.

மூன்றாவதாக வந்ததே எம்மை வியப்பில் ஆழ்த்திற்று. பின்வாங்கில் இருந்த ஒருவன், மாட்டுப்பட்டிக்காரரின் பேரன், எழுந்து, "குறிசுடுறது" என்றான். வன்னியிற் பட்டி மாடுகளுக்குக் குறிசுடும் வழக்கம் பழையது. உரிமையாளரின் பெயரெழுத்தோ, சூலம், பிறை, வட்டம் போன்ற ஓர் அடையாளமோ, காய்ச்சிய இரும்பினால் மாட்டின் தொடையில் இடப்படும். காட்டோரம் மேயும் மாட்டைத் தூரத்திற் கண்டே அது எவர் பட்டியது என்று சொல்வர். அச்சிறுவன் கரும்பலகைக்கு வந்து, தனக்குத் தெரிந்த ஏழு பட்டிகளின் அடையாளங்களைத் தயங்காமல் வரைந்தான். ஒரு கோடு, அதன் தலையில் அரைவட்டம், இரண்டு கோடு, நடுவே புள்ளி, இவ்வாறு. கிளேயின் தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் அதற்கு இணையாக நிற்கும் சிக்கனம். சித்திரப் பாடத்தில் இதுவரை நாற்பது புள்ளியைத் தாண்டாதவன் அவன்.

நான்காவது அடையாளத்தை ஒரு மாணவி மெல்லிய குரலிற் கூறினாள்: கிளிநொச்சி நகரில் கண்டி வீதியோரம் நிற்கும் நினைவுச் சின்னம். போர் முடிந்தபின் அரசு எழுப்பியது அது. பெரியதொரு கொங்கிறீற்றுப் பாளம், அதைத் துளைத்து நிற்கும் எறிகணை, பிளவின் மேலே மலர்ந்த தாமரை. அரூபமும் குறியீடும் பணக்காரர் வரவேற்பறையில் மட்டும் இருப்பவை என்போர் அவ்வழியே ஒருமுறை சென்று வருதல் நலம். அந்தச் சின்னத்தின் பொருளைக் கட்டியவரே நிச்சயித்துவிட்டார். வழிப்போக்கருக்கு அதிற் பங்கில்லை. வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. நாமும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அன்று மாலையே பட்டறையின் நடுப்பணி எதுவென்று தெளிந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென ஓர் அடையாளத்தை ஆக்கவேண்டும். பட்டிக்காரரின் அடையாளம் போலச் சில கோடுகளில் அது முடியவேண்டும். அதன் பொருளைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் பிள்ளையின் விருப்பம்.

அதற்குமுன் கையின் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டியிருந்தது. இரண்டு மலைகளையே வரைந்து பழகிய விரல்கள் அவை. முள்ளியவளைப் பக்கத்துக் கோவலன் கூத்துக்கு மத்தளம் அடித்த முதியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் அடிக்க, பிள்ளைகள் கண்களை மூடிக்கொண்டு அடுப்புக்கரியால் தாளிற் கோடிட்டனர். மெல்ல அடித்தால் கோடு நீண்டது. விரைந்து அடித்தால் புள்ளிகள் தெறித்தன. முதியவருக்கு இதில் முதலில் நம்பிக்கையில்லை. பின்னர், தாம் அடித்த தாளம் ஒரு சிறுமியின் தாளில் ஏறி இறங்கிக் கிடப்பதைக் கண்டு, விரலால் அதைத் தடவி, வாயாற் சொற்கட்டுச் சொல்லிப் பார்த்தார். வர்ணப் பெட்டி வாங்க வசதியில்லாதிருந்தமையால் செங்கல் தூள், மஞ்சள், சுண்ணாம்பு, கிரவல் மண் ஆகியவற்றைக் கஞ்சியிற் குழைத்தோம். தாளைப்பற்றிச் சொல்லவே வேண்டாம். 2022-ஆம் ஆண்டின் நெருக்கடியில் தாள் இல்லாமையால் மேல் மாகாணத்திலேயே தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. எமது ஊரின் நிலையை ஊகிக்கலாம். அதன்பின் விலை ஏறியது ஏறியதுதான். பழைய நாட்காட்டிகளின் பின்புறமும் பிரித்த சீமெந்துப் பைகளுமே எமது ஓவியத் திரைகள். சீமெந்துப் பையின் கபில நிறத்திற் சுண்ணாம்புக் கோடு மிக அழகாக எழுந்தது என்பதை இங்கே சொல்லிவைக்கிறோம். ஏழ்மையைப் போற்றுவதற்காகவல்ல, உண்மை என்பதற்காக.

நான்காம் சனிக்கிழமை ஒரு மாணவி சதுரமொன்றை வரைந்தாள். அதன் ஒரு பக்கத்தில் விரலளவு இடைவெளி. இடைவெளிக்கு வெளியே மூன்று புள்ளிகள். இரண்டு மணி நேரத்தில் அவள் அதைப் பதினொரு முறை திரும்பத் திரும்ப வரைந்தாள். இடைவெளியின் அளவு மட்டும் மாறிக்கொண்டிருந்தது. அன்று பாடசாலைக்கு வந்திருந்த அதிகாரி ஒருவர் அவளருகில் நின்று, "இது என்ன பிள்ளை?" என்று அன்பாகவே கேட்டார்.

"என்ரை அடையாளம், சேர்."

"அதுசரி, என்ன கருத்து? வீடோ?"

அவள் எம்மைப் பார்த்தாள். சொல்லாமல் விடலாம் என்ற விதி இன்னும் செல்லுமா என்பதே அப்பார்வை. நாம் தலையசைத்தோம். "கருத்து என்னட்டை இருக்கு, சேர்," என்றாள். அதிகாரி சற்றுத் திகைத்து, பின் நகர்ந்துவிட்டார்.

அச்சொல்லின் பெறுமதியை நாம் உணர்வதற்குக் காரணம் உண்டு. 2009 மே மாதத்தின் பின்னர் நாமும் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில், முட்கம்பிக்குள் இருந்தோம். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அடைபட்டிருந்த அம்முகாமின் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என்றெல்லாம் பெயரிட்டிருந்தனர். ஒரு பகுதிக்கு ஆனந்த குமாரசுவாமியின் பெயர். 1908-இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிப் பெருநூல் எழுதி, கைவினைஞனின் கோட்டிலும் குறியீட்டிலும் ஒரு மக்களின் சிந்தனையைக் கண்ட அறிஞரின் பெயர், கூடாரங்களின் இலக்கத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது.

அங்கே பிள்ளைகளுக்குத் தாளும் வர்ணமும் கொடுத்தோர் பலர். நல்லெண்ணத்துடன் வந்தோரே அதிகம். அவர்களுட் சிலர், "நீ கண்டதை வரை" என்றனர். பிள்ளைகள் விமானத்தையும் குண்டையும் சிவப்பு வர்ணத்தையும் வரைந்தனர். அத்தகைய படங்களுக்குக் கூடுதல் கவனம் கிடைத்தது. அவை எடுத்துச் செல்லப்பட்டன. பூவை வரைந்தவளின் படம் அவளிடமே கிடந்தது. சில வாரங்களில் பிள்ளைகள் அந்த இலக்கணத்தையும் கற்றுக்கொண்டனர். கண்டவனும் காணாதவனும் ஒரே விமானத்தை வரைந்தனர். இரண்டு மலைகளின் இடத்தில் இரண்டு விமானங்கள், அவ்வளவே. சாட்சியம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எமது மக்களுக்கு நேர்ந்தவற்றுக்குச் சாட்சியம் வேண்டும். அதைப் பெரியவர்கள் சொல்லவேண்டும், சட்டமும் வரலாறும் கேட்கவேண்டும். எட்டு வயதுப் பிள்ளையின் பஸ்ரல் துண்டிலிருந்து அதைக் கறந்தெடுத்தல் வேறு.

எமது இலக்கிய மரபு இவ்விடயத்தில் மிக நுண்ணிய விதியொன்றை வகுத்திருக்கிறது. அகத்திணையில் காதலரின் இயற்பெயரைச் சுட்டுதல் ஆகாது என்கிறது தொல்காப்பியம். பெயர் சொன்னால் அது புறமாகிவிடும். ஆகவே அகப்புலவன் பிரிவையும் இரங்கலையும் சொல்வதற்கு நெய்தலின் உப்பங்கழியையும் பாலையின் வெந்த நிலத்தையும் நாடினான். உள்ளுறையாகவும் இறைச்சியாகவும் பொருளைப் புதைத்தான். துன்பம் முழுமையாக வெளிப்பட்டது. துன்புற்றவர் யார் என்பது காக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தில் இதைப் பரீட்சைக்காகப் படித்தோம். இடைவெளியுள்ள சதுரத்தின் முன் நின்றபோதுதான் அது ஏன் விதியாயிற்று என்று விளங்கிற்று.

எமக்கு வழிகாட்டியாக நின்ற முன்னோர் சிலரை இங்கே நினைவுகூர வேண்டும். ஒருவர் குருநகரில் 1933-இற் பிறந்த ஓவியர் அ. மாற்கு. யாழ்ப்பாணத்தில் நவீன ஓவியத்தை வேரூன்றச் செய்ததோடு இளைஞர் பலருக்கு, சிறப்பாகப் பெண்கள் பலருக்கு, அதைப் பயிற்றியவர். 1995 இடப்பெயர்வு அவருடைய ஓவியங்கள் பலவற்றை விழுங்கிற்று. 2000-இல் அவர் மறைந்தார். மற்றவர் ஓவியர் தா. சனாதனன். 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற பொருளில் ஆங்கிலத் தலைப்புடன் 2011-இல் வெளிவந்த அவருடைய நூலுக்காக, இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் இழந்த வீடுகளின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தனர். கோடுகளே, கண்ணீர் வடிக்கும் முகம் எதுவும் இல்லை. கிணறு இருந்த வட்டமும் மாமரம் நின்ற புள்ளியும் போதுமாயிருந்தன.

மூன்றாமவர் தூரத்து நாட்டவர். பிரீடல் டிக்கர் பிராண்டைஸ் 1898-இல் வியன்னாவிற் பிறந்தவர். வைமார் நகரத்துப் பௌஹவுஸ் பள்ளியில், கிளேயும் காண்டின்ஸ்கியும் கற்பித்த அதே பள்ளியில், பயின்றவர். யூதரானமையால் 1942 டிசெம்பரில் நாஜிகளின் தெரேசின் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு, கிடைத்த அலுவலகத் தாளிலும் பொதிசுற்றிய தாளிலும் ஓவியம் கற்பித்தார். தாளத்துக்குக் கோடிடும் பயிற்சியை நாம் அவருடைய முறையிலிருந்தே கடன் வாங்கினோம். முகாமின் கொடுமையை வரையுமாறு அவர் ஏவவில்லை; கோடு, நிறம், கிழித்து ஒட்டிய தாள், நினைவில் நின்ற வீடு, பூ. ஆனால் ஒவ்வொரு தாளிலும் பிள்ளை தன் பெயரை எழுதவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். இலக்கங்களாக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அவர் திருப்பிக் கொடுத்தது அந்தப் பெயர். 1944 ஒக்ரோபரில் அவுஷ்விற்சில் அவர் கொல்லப்பட்டார். புறப்படுமுன் ஒளித்துவைத்த இரண்டு பெட்டிகளில் ஏறத்தாழ 4,500 படங்கள் இருந்தன. வரைந்தோருட் பெரும்பாலோர் உயிருடன் திரும்பவில்லை.

அவர்களுடைய நிலையையும் எமது மாணவரின் நிலையையும் நாம் ஒப்பிடவில்லை. எமது வகுப்பிலுள்ளோர் போரின் பின் பிறந்தவர்கள். அவர்கள் சுமப்பது வீட்டின் மௌனம். கேள்வி கேட்டால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடும் மௌனம். வட்டமும் சதுரமும் அதைக் குணமாக்கும் என்று கூறவும் நாம் துணியோம். ஓவியத்தை மருந்துச்சீட்டாக விற்கும் பேச்சு எமக்கு உவப்பானதன்று.

ஐந்தாம் சனிக்கிழமை ஒரு தாயார் வந்தார். ஆடைத் தொழிற்சாலையில் வேலை. அன்று அரைநாள் விடுப்பு. "ரீச்சர், இது சோதினைக்கு வருமோ?" என்பதே முதற் கேள்வி. வராது என்றோம். "அப்ப ஏன் சனிக்கிழமையிலை மறிச்சு வைச்சிருக்கிறியள்? கணக்குக்கு ரியூசன் போறதை விட்டிட்டு இஞ்சை வாறான்." அவருடைய கோபம் நியாயமானது. மகன் படித்து மேலே வராவிட்டால் அவருக்கு முதுமையில் வேறு கதியில்லை. அழகியல் பேசி அவரைச் சமாதானப்படுத்த எவருக்கும் உரிமையில்லை. மூன்றாவது மணிக்கே பட்டறையை முடித்துப் பிள்ளைகளை ரியூசனுக்கு விடுவதாக ஒப்புக்கொண்டோம். போகத் திரும்பியவர் கரும்பலகையை அண்ணாந்து பார்த்தார். அழிக்காமல் விட்டிருந்த பட்டி அடையாளங்கள் ஏழும் அங்கே இருந்தன.

"இதை ஆர் கீறினது? இந்தப் பிறையும் கோடும் எங்கடை அப்பான்ரை எல்லோ."

தந்தையின் பட்டியில் அறுபது மாடுகள் நின்றனவாம். 2009-இல் பட்டியைத் திறந்துவிட்டுப் புறப்பட்டார்களாம். மீள்குடியேறிய பின் காட்டோரத்தில் அந்தப் பிறையோடு இரண்டு பசுக்களை அவரே கண்டு, மறித்துக்கொண்டு வந்தாராம். மகன் வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அம்மாவிடம் மாடு இருந்தது என்பதே அவனுக்குப் புதிய செய்தி. அடுத்த கிழமை அவனுடைய அடையாளத்தில் ஒரு பிறை வந்து சேர்ந்திருந்தது.

ஆறாம் சனிக்கிழமையின் பின்னர் பாடசாலை மண்டபத்தில் ஒருநாட் கண்காட்சி வைத்தோம். மாகாணத்துக்கு அனுப்புவதற்குச் சில படங்களைத் தெரிந்து, ஒவ்வொன்றின் கீழும் அதன் கருத்தை இரண்டு வரியில் எழுதித் தருமாறு மேலிடத்திலிருந்து கேட்டனர். பெயரும் வகுப்பும் மட்டுமே எழுதப்படும் என்று விடையளித்தோம். படம் எதுவும் போகவில்லை. அதனால் பாடசாலைக்குக் கிடைத்திருக்கக்கூடிய வர்ணப் பெட்டிகளும் வரவில்லை. சித்திர ஆசிரியருக்கு இதில் எம்மோடு இன்னும் மனத்தாங்கல் உண்டு. முப்பத்தெட்டுப் பேரில் இருபத்தாறு பேர் தமது படங்களைச் சுவரில் தொங்கவிடச் சம்மதித்தனர். மற்றைப் பன்னிருவரும் சுருட்டி வீட்டுக்குக் கொண்டு சென்றனர். பதினொரு சதுரங்களையும் அந்த மாணவி ஒரு பழைய சீலைத்துண்டாற் கட்டிச் சைக்கிளின் பின்னால் வைத்தாள். மழை வருமுன் போய்விட வேண்டும் என்று அவசரப்பட்டாள்.